கம்பெனி கொடுத்த தனி ரூம்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை முஜிபுர் ரஹ்மான் பெரிய மனிதர். நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். காட்டூரில் அவர் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், மஸ்கட் கம்பெனியில் அவருக்கு மட்டும் தனி ரூம் கொடுத்திருந்த கதை வந்துவிடும். "மத்தவனெல்லாம் எட்டுப் பேரு ஒரே ரூம்ல, கட்டிலுக்கு மேல கட்டில் போட்டுக் கெடப்பானுங்க மச்சான். எனக்கு மட்டும் தனி ரூம். கதவைச் சாத்துனா ராஜா மாதிரி" என்பார். அதைச் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வார். தாடிதான் உண்டு, மீசை கிடையாது. மீசை இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொள்வார்.

என் தங்கை ரஷீதாவை அவருக்குக் கொடுத்ததே அந்த ரூமுக்காகத்தான். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு மதிப்புப் போடுவது அப்படித்தான். என்ன வேலை, என்ன படிப்பு என்பதெல்லாம் அப்புறம். ரூமில் எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. எட்டுப் பேர் என்றால் லேபர். நாலு பேர் என்றால் மெக்கானிக், டிரைவர். தனி ரூம் என்றால் அடேயப்பா, சூப்பர்வைசருக்கும் மேலே! எங்கள் அத்தா வாலிபத்தில் குவைத்தில் பத்துப் பேரோடு நெருக்கியடித்துப் படுத்து எழுந்தவர். "பையனுக்கு கம்பெனியில தனி ரூமு" என்று தரகர் சொன்னதும் அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு எதையும் அவர் விசாரிக்கவில்லை. மாப்பிள்ளை அங்கே ஸ்டோர் கீப்பர் என்பது நிக்காஹ் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார். அந்த இரண்டு மாதமும் விருந்து, சொந்தக்காரர் வீடு, ஏர்வாடி, நாகூர் என்று கழிந்துவிடும். ரஷீதா ஒரு நாளும் ஒரு குறையும் சொன்னதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். மாப்பிள்ளை இரண்டு அட்டைப் பெட்டியும் ஒரு பெரிய தொப்பையுமாக ஊருக்கே வந்து சேர்ந்தார். அன்றைக்குத்தான் என் கடைக்குக் கேடு பிடித்தது.

என் பெயர் அப்துல் ஹலீம். பெரிய கடை வீதிப் பக்கம் மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். இலவம் பஞ்சு, ஃபோம், ஸ்பிரிங், எது வேண்டுமானாலும் கிடைக்கும். மெத்தைக் கடைக்காரனிடம் ஊரே வந்து தன் தூக்கத்தைப் பற்றிப் புலம்பும். ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற மாமிகூட, "எங்காத்து மாமா ராத்திரியெல்லாம் புரள்றார்" என்று சொல்லித்தான் மெத்தையை அமுக்கிப் பார்ப்பார். ஆனால் எங்கள் மாப்பிள்ளையைப் போல ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. வந்த மாதமே ஒரு தலையணை எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தலகாணி சரியில்ல மச்சான். காலைல எந்திரிச்சா தலை வலிக்குது. தொண்டை காஞ்சு போகுது."

"தொண்டை காயறதுக்கும் தலகாணிக்கும் என்ன மாப்பிள்ளை சம்பந்தம்?"

"பஞ்சுல ஏதோ தூசி இருக்கு. மஸ்கட்ல தனி ரூம்ல இருந்தப்ப எனக்கு இப்படியெல்லாம் ஆனதே இல்ல."

வேறு தலையணை கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது. உயரம் அதிகம் என்றார், பிறகு உயரம் போதாது என்றார். என் பஞ்சைக் குறை சொன்னார், தைத்தவனைக் குறை சொன்னார், கடைசியில் காட்டூர் காற்றையே குறை சொன்னார். நடுவில் என் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். அப்போதுதான் அந்தச் சத்தத்தை முதன்முதலாக முழுசாகக் கேட்டேன். வாயைப் பிளந்துகொண்டு அவர் விட்ட குறட்டையில், மெத்தை பார்க்க வந்த குடும்பம் ஒன்று அப்புறம் வருகிறோம் என்று நழுவியது. எழுப்பி, "மாப்பிள்ளை, நீங்க குறட்டை விடுறீங்க. தில்லைநகர்ல இதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காரு" என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நானா? என் காதுல ஒரு நாளும் விழுந்ததில்லையே!"

இப்படி ஒரு அறிவாளியை நான் எங்கே போய்த் தேட? தூங்குகிறவன் காதில் அவன் குறட்டை எப்படி ஐயா விழும்? அவர் மகள் இன்ஷா, ஜமால் முகமது கல்லூரியில் படிக்கிற பெண், ஒரு நாள் அவர் ஹாலில் தூங்கும்போது செல்போனில் அதைப் பதிவு பண்ணி அவருக்கே போட்டுக் காட்டியிருக்கிறாள். முழுசாகக் கேட்டுவிட்டு, "இது ஃபேன் சத்தம். பேரிங் போயிருக்கு, நாளைக்கே ஃபேனையே மாத்தணும்" என்றாராம். சொன்னபடி மறுநாள் மாற்றியும் விட்டார். இதைச் சொல்லும்போது இன்ஷா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, ஒரு மனிதர் குறட்டை விடுகிறார், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் என் தங்கைக்கு. இன்ஷா பிறந்தபோது ரஷீதா பிழைத்ததே பெரிய பாடு. அப்போதே மக்காவுக்கு, உம்ராவுக்குப் போகிறேன் என்று நிய்யத் வைத்து நேர்ந்துகொண்டாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து அவளுக்கென்று வந்த ஒரே ஆசை அதுதான். நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. மாப்பிள்ளை ஊரோடு வந்ததும் இந்த வருடம் போகலாம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். முதல் தடவை வெயில் அதிகம் என்றார். அடுத்த தடவை முட்டி வலி. மூன்றாவது தடவை, "குரூப்ல போனா வசதி இருக்காது மச்சான், எனக்குத் தனி ரூம்ல இருந்தே பழக்கம்" என்றார்.

பள்ளிவாசலில் இன்னும் மோசம். நாங்கள் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஒரே பள்ளிக்குத்தான் போவோம். மாப்பிள்ளை சரியாக நடுத்தூணில் சாய்ந்து உட்காருவார். ஹஜ்ரத் தன் பயானை, பிரசங்கத்தை, ஆரம்பித்துச் சற்று நேரத்தில் மெல்லிய விசில் ஒன்று கிளம்பும். அப்புறம் பழைய டீசல் ஆட்டோ மேம்பாலம் ஏறுகிற சத்தம். பின்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்ளும். ஹஜ்ரத் ஒரு கணம் நிறுத்துவார், தொண்டையைச் செருமுவார், மேலே பேசுவார். நான் விலாவில் இடித்தால் "ஆமீன்!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு எழுவார். ஆமீன் சொல்ல வேண்டிய துஆவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சாய்ந்து தூங்கிவிட்டால், தொழுகைக்காக எடுத்த ஒளு முறிந்துவிடும். எழுந்து போய் ஹவுள் தொட்டியில் மறுபடியும் கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவிக்கொண்டு வந்துதான் தொழ வேண்டும். மதரஸாவுக்குப் போகிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். "போய் ஒளு எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை" என்று காதோடு சொல்வேன்.

"எதுக்கு? நான் தூங்கலையே மச்சான். கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

அப்படியே எழுந்து வரிசையில் நின்றுவிடுவார். ஹவுளுக்குப் போனால் தூங்கினதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தூக்கத்தை ஒத்துக்கொண்டால் குறட்டையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத் தொழுகையையே கெடுத்துக்கொண்டு நிற்கிற மனிதரை என்னவென்று சொல்வது? ஊரை ஏமாற்றலாம், என்னை ஏமாற்றலாம். அங்கே போய் யாரை ஏமாற்றுகிறார்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் பக்கத்தில் நின்று கொதித்துப்போய்த்தான் நான் தொழுதேன். என் தொழுகை மட்டும் என்ன லட்சணமாக இருந்திருக்கும்?

இந்த வருடம் அவரைக் கேட்கவே கூடாது என்று முடிவு பண்ணினேன். நேரே பாலக்கரையில் ஜாவித் பாயிடம் போனேன். ஜாவித் முன்பு வெளிநாட்டில் இருந்தவர், இப்போது உம்ராவுக்கு ஆட்களைக் குழுவாகக் கூட்டிக்கொண்டு போகிறார். ரஷீதா, மாப்பிள்ளை இரண்டு பேர் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"முஜிபுர் ரஹ்மானா? எந்த முஜிபு? காட்டூரா? மஸ்கட்ல இருந்தாரே?"

"ஆமா பாய். தெரியுமா உங்களுக்கு?"

"பெயிண்ட் ஸ்டோர் முஜிபு!" என்று சொல்லிவிட்டு ஜாவித் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "அவரும் நானும் ஒரே கேம்ப் பாய். மொதல்ல எங்க ரூம்லதான் இருந்தாரு. யா அல்லாஹ், ஒரு மனுஷன் தூங்க முடியுமா! நாங்க மத்த ஏழு பேரும் போயி கேம்ப் பாஸ்கிட்ட நின்னோம். அடுத்த ரூமுக்கு மாத்துனாங்க. அங்கேயும் சண்டை. பாகிஸ்தான்காரங்க ரூம்ல போட்டுப் பாத்தாங்க, ஒரு ராத்திரிதான், கட்டிலோட தூக்கி வராண்டால வெச்சுட்டானுங்க. கடைசில மெஸ்ஸுக்குப் பின்னாடி பெயிண்ட் டப்பா அடுக்கி வெச்ச ரூம் ஒண்ணு இருந்துச்சு. ஜன்னல் கெடையாது. அதுல கட்டில போட்டுக் குடுத்துட்டாங்க."

கம்பெனி கொடுத்த தனி ரூம்! எங்கள் அத்தா கண் கலங்கி நம்பிய தனி ரூம்! அத்தா இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து ஜாவித் முன்னால் உட்கார வைத்திருப்பேன்.

ஜாவித் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. அங்க ஆம்பளைங்க நாலு பேரு ஒரு ரூம், பொம்பளைங்க வேற ரூம். அவரை நான் யாரோட போடுறது? உங்க தங்கச்சிக்குத் துணையா கூடப்பொறந்த அண்ணன் நீங்க இருக்கீங்க. நீங்க கூட்டிட்டு வாங்களேன்."

அதுவும் சரிதான் என்று தோன்றியது. அங்கிருந்து நேரே காட்டூருக்கு வண்டியை விட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், உம்ராவைவிட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு வேகமாகப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மாப்பிள்ளை ஹாலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உட்காரக்கூட இல்லை.

"பெயிண்ட் டப்பா வாசனை இன்னும் ஞாபகம் இருக்கா மாப்பிள்ளை?"

பேப்பர் தாழ்ந்தது. முகம் வெளுத்துவிட்டது. நான் விடவில்லை. ஜாவித் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன், பாகிஸ்தான்காரர்கள் கட்டிலோடு தூக்கி வைத்தது வரைக்கும். மீசை இல்லாத இடத்தைத் தடவக் கை போனது, பாதியில் இறங்கிவிட்டது. அடுப்பங்கரையிலிருந்து ரஷீதா வந்து நின்றாள். அவளைப் பார்த்துச் சொன்னேன்:

"இவரு வர வேணாம். நான் கூட்டிட்டுப் போறேன். பாஸ்போர்ட்ட எடும்மா."

"நான் வரல அண்ணே" என்றாள்.

"ஏன்? இவரு விடலையா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. நான்தான் வரல."

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே நீளமாகச் சுட்ட புண். கேட்டதற்கு, தோசைக்கல்லில் பட்டுவிட்டது என்றாள். எப்படிப் பட்டது என்று கேட்டேன். நின்றுகொண்டே கண் அசந்துவிட்டதாம். பகல் பதினோரு மணிக்கு, அடுப்பு எரியும்போது, நின்றபடியே! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன்.

"பாத்தீங்களா உங்க ராஜ தூக்கத்த? உங்க சத்தத்துல இவ ராவெல்லாம் முழிச்சுக் கெடக்குறா!"

"சத்தத்துக்கு இல்ல அண்ணே" என்றாள் ரஷீதா. "சத்தம் இருந்தா எனக்கு நிம்மதி. அது பாட்டுக்கு நானும் தூங்கிடுவேன். ஊரோட வந்ததுலேருந்து நடுவுல நின்னு போகுது. மூச்சே இருக்காது. நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போடும், காத்து உள்ள போகாது. நான் தோளத் தட்டி ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன். அப்புறம் ஹக்குன்னு ஒரு சத்தம் வரும், திரும்ப ஆரம்பிக்கும். ராத்திரி பூரா இப்படித்தான். விடியக்காலைல அவரு சுபுஹுக்குப் பள்ளிக்குப் போன அப்புறம்தான் நான் செத்த கண்ண மூடுவேன். நான் உம்ராவுக்குப் போயிட்டா யாரு அண்ணே தட்டுறது? இன்ஷாவையா உக்கார வைக்க முடியும்? அவரோட போனாலும் அங்க அவரு வேற ரூமு. அதான் அவரு வெயிலு, முட்டின்னு சொன்னப்பல்லாம் நானும் சரின்னு விட்டுட்டேன்."

ஹாலில் புது ஃபேன் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பேப்பரை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல நீ?" என்றார் மெதுவாக.

"சொன்னேங்க. எத்தனையோ தடவை சொன்னேன். நீ ஏதாச்சும் கெட்ட கனவு கண்டிருப்பேன்னீங்க."

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. சொல்லவில்லை. டீ கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அதே தூணில்தான் வந்து உட்கார்ந்தார். திருந்தாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன். ஹஜ்ரத் பயானை ஆரம்பித்தார். விசில் வந்தது, ஆட்டோ ஏறியது, பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் இடித்தேன். விழித்துக்கொண்டார். இந்தத் தடவை ஆமீன் சொல்லவில்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்க்காத மாதிரி ஹஜ்ரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தரையில் கையை ஊன்றி எழுந்தார். அத்தனை வரிசையையும் தாண்டி, கால் படாமல் ஒவ்வொருவரிடமும் தோளைத் தொட்டு வழி கேட்டுக்கொண்டு, ஹவுள் பக்கம் நடந்தார். பள்ளியே பார்த்தது. ஹஜ்ரத்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். ஹவுளில் தண்ணீர் அள்ளுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

தாடியில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். தூணில் சாயவில்லை, என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது கேட்டார்.

"தில்லைநகர்ல ஒரு டாக்டர் இருக்காருன்னீங்களே மச்சான். இன்னைக்கு இருப்பாரா?"

நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு ராத்திரி உடம்பெல்லாம் வயரை ஒட்டிப் படுக்க வைத்துப் பரிசோதனை பண்ணினார்கள். தூக்கத்தில் மூச்சுக்குழாய் மூடிக்கொள்கிறது, பிரஷரும் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயத்துக்கு ஆபத்து என்றார் டாக்டர். தொப்பையைக் குறைக்க வேண்டும், சிகரெட் கூடாது, ராத்திரி நேரத்தில் பரோட்டா கூடாது, மல்லாந்து படுக்கக் கூடாது. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். காற்றை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்குமாம், குழாய் மூடாதாம். மல்லாந்து புரளாமல் இருக்க நான் என் பங்குக்குப் பனியன் முதுகில் ஒரு பை தைத்து, உள்ளே ரப்பர் பந்தை வைத்துக் கொடுத்தேன்.

அதற்காக மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரத்தில் பழைய ஜம்பம் வந்துவிட்டது. "எனக்கு மூச்சு நிக்கிற மாதிரி டாக்டர் யாருக்கும் பாத்ததில்லையாம் மச்சான். எனக்குன்னே தனியா செட் பண்ணின மெஷின் இது" என்று என் கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் சொல்கிறார். ஆனால் உட்கார்ந்தபடி தூங்குவதில்லை. தலையணையும் அதன் பிறகு திரும்பி வரவில்லை.

ரமலானுக்கு முன்னால் ஜாவித் குழுவில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்விட்டு வந்தார்கள். மக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரை வாங்கிக் குடிக்க நான் காட்டூருக்குப் போனேன். மாப்பிள்ளை பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு ஆரம்பித்தார்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு ஆளு மச்சான், பொன்மலைக்காரரு. என்னா குறட்டை, என்னா குறட்டை! மனுஷன் தூங்க முடியல. இவங்களையெல்லாம் எப்படிக் குரூப்ல சேத்துக்குறாங்க?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறப்பதற்குள் ரஷீதா டீ கொண்டுவந்தாள். முகம் தெளிந்து, கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போய், ஆளே வேறு மாதிரி இருந்தாள். உனக்கு அங்கே எப்படி இருந்தது என்று அவளைக் கேட்டேன்.

"என் பக்கத்துலயும் ஒரு அம்மா அண்ணே, வயசானவங்க. அவங்களுக்கும் குறட்டை. மொத நாள் ராத்திரி அவங்களுக்கு லேசா நின்னுச்சு. நான் படக்குன்னு எந்திரிச்சு அவங்க தோளத் தட்டி ஒருக்களிக்க வெச்சுட்டேன். பாவம், பயந்து போயி என்னம்மான்னு கேட்டாங்க. அப்புறந்தான் எனக்கு எங்க இருக்கேன்னே தெரிஞ்சுச்சு."

"அப்புறம்?"

"அவருக்கு மெஷின் இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு. படுத்துட்டேன். சுபுஹு பாங்கு சொல்லித்தான் எந்திரிச்சேன் அண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம வீட்டுல தூங்குவேனே, அந்த மாதிரி."

பொன்மலைக்காரரைப் பற்றி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாப்பிள்ளை, அதை விட்டுவிட்டுப் பேரீச்சம்பழத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.